எங்க மில்லுல எட்டு கிடையாது

சித்த நகருங்க தம்பி. அட, எந்திரிக்கெல்லாம் வேண்டாமுங்க. மடியில இருக்கற பொட்டியை இப்பிடிக் கொஞ்சம் திருப்பி வெச்சீங்கன்னா நான் பாதிச் சீட்டுல ஒட்டிக்குவேன். பொங்கலூரு தாண்டுனா கூட்டம் எறங்கீரும்.

பொட்டி மேல இருக்கற படத்தை எங்கியோ பாத்தாப்புல இருக்குதே. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டப்பா, மேல வரிசையா பச்சை லைட்டு, அடியில ஒயரு சொருகற பொந்து. கேட்வேங்களா? சொன்னனல்ல! மில்லு மில்லாப் போயி மாட்டறது நீங்கதானுங்களா? இல்லீங்க, கோவமெல்லாம் இல்லீங்க. உங்க மேல எனக்கென்ன கோவம். ஆனா இந்தப் பொட்டிக்கும் எனக்கும் ஒரு பஞ்சாயத்து இருக்குது. அதைச் சொல்லாம எறங்குனா இன்னைக்கு எனக்குச் சோறு எறங்காது.

அது என்ன பண்ணும்னு நான் சொல்லட்டுங்களா? தப்பாச் சொன்னாத் தலையைக் குட்டுங்க. எங்க மில்லு நூல் மில்லு. நீட்ட நீட்டமா மெஷினு நிக்கும். ஒவ்வொண்ணுக்கும் தலைமாட்டுல ஒரு மீட்டரு. எவ்வளவு நேரம் ஓடுச்சு, எத்தனை தடவை நின்னுச்சு, எவ்வளவு நூலு சுத்துச்சு, எல்லாம் அந்த மீட்டருக்குத் தெரியும். ஆனா அது பேசறது பழைய பாஷை. ஒயரு வழியாத்தான் பேசும், அதுவும் கேட்டாத்தான் பேசும். மொதலாளி கையில இருக்கற போனுக்கு அந்தப் பாஷை ஆகாது. நடுவுல உக்காந்து இதுகிட்டக் கேட்டு அதுக்குச் சொல்றதுதான் இந்த டப்பா. இஸ்கூல்ல வாத்தியாரு வருகை எடுக்கறாப்புல, ‘ஒண்ணு, என்ன சேதி?’ன்னு கேக்கும். ஒண்ணாம் மீட்டரு சொல்லும். ‘ரெண்டு?’ ரெண்டு சொல்லும். அப்பிடியே கடைசி வரைக்கும் போயி மறுபடி ஒண்ணுல ஆரம்பிக்கும். நாள் பூராவும் அதே பொழப்பு. அதுக்கு ஆளைத் தெரியாது, மெஷினைத் தெரியாது, நம்பரு மட்டுந்தான் தெரியும். செரிதானுங்களே? சிரிக்கறீங்க. அப்பச் செரிதான்.

நம்பரு. அங்கதானுங்க வில்லங்கம்.

எங்க மில்லுல எட்டு கிடையாது. மொதலாளிக்கு எட்டுன்னா ஆகாது, சனியோட நம்பருன்னு. காரு நம்பரைக் கூட்டுனா எட்டு வரக்கூடாது. எட்டாந்தேதி பொறந்த பேரனுக்கு ஏழாந்தேதிதான் கேக்கு வெட்டறாங்கன்னாப் பாத்துக்கங்க. அதனால மெஷினுக்குப் பெயிண்டுல நம்பரு எழுதறப்பவே ஆறு, ஏழு, ஒம்பது, பத்துன்னு எழுதிப்புட்டாங்க. கடைசி மெஷினு பதினஞ்சு. எண்ணிப் பாத்தா பதினாலுதான் இருக்கும். ஏழுக்கு அடுத்து நிக்கற ஒம்பதாம் நம்பரு மெஷினுதான் எனக்கு. எம் பேரு சென்னியப்பன். அதுக்குப் பக்கத்துல பத்தாம் நம்பரு என்ற சம்சாரத்துக்கு. அதா, முன்னால பொம்பளைங்க சீட்டுல, மஞ்சச் சேலை, மடியில சோத்துத் தூக்குப்போசி. ருக்குமணி. திரும்பிப் பாக்கறா பாருங்க. பாக்கலீங்களா? செரி, விடுங்க.

எங்க வேலை என்னன்னா அறுந்த நூலை ஒட்டறது. மெஷினு ஓட ஓட அங்கொண்ணு இங்கொண்ணு நூலு அறும். நடந்துக்கிட்டே இருந்து பாத்துப் பாத்து ஒட்டோணும். ஒட்டாம விட்டா பஞ்சு உருளையில சுருட்டிக்கும். அப்பறம் மெஷினை நிறுத்தித்தான் அறுத்து எடுக்க முடியும். எனக்கு இதுல தனி முறை ஒண்ணு இருக்குதுங்க. நான் சும்மா சும்மா நூலு மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்க மாட்டேன். மெஷினை நம்பி விட்டுப்புட்டு ஒரு டீ, ஒரு பீடி, வேலுச்சாமிகிட்ட நாட்டு நடப்பு நாலு வார்த்தை. திரும்பி வந்து மொத்தமா ஒரு பார்வை. வேலுச்சாமி பதினொண்ணாம் நம்பரு. நின்னுக்கிட்டே தூங்குவான், நல்ல பையன்.

ருக்குமணிக்கு அந்த நிதானம் வராது. நடை, நடை, நடைதான். ரெண்டு மெஷினுக்கும் நடுவுல ஒரே சந்துங்களா, நான் டீக்குப் போயிருக்கறப்ப அவ இந்தப் பக்கம் திரும்பி என்ற மெஷினுலயும் ரெண்டு நூலை ஒட்டி விடுவா. நான் பாத்தன்னா சத்தம் போடுவேன். “உன்ற சோலியைப் பாரு. அவங்கவங்க மெஷினு அவங்கவங்களுக்கு.” அவ “செரிங்க”ம்பா. எதுத்துப் பேச மாட்டா.

இப்பிடி இருக்கறப்பத்தான் டப்பா வந்துச்சு. கோயமுத்தூருல இருந்து ஒரு எஞ்சினியரம்மா வந்து மாட்டிக் குடுத்துட்டு, மொதலாளி போன்லயும் வர வெச்சுட்டு, அன்னைக்கே பஸ்ஸேறிப் போயிருச்சு. மொதலாளி போனைத் தொறந்தாரு. ஒண்ணு ஓடுது, ரெண்டு ஓடுது, ஏழு ஓடுது, எட்டு ஓடுது.

“எட்டா? என்ற மில்லுல எட்டு எப்பிடி ஓடுது? யாரு உள்ள விட்டது?”

கேட்டு வாட்ச்மேனு வரைக்கும் ஓடியாந்துட்டாரு. அப்பறம் மொதலாளியோட மச்சினன் இருக்காரு, ஆபீசுல கம்ப்யூட்டரு பாக்கறவரு, அவரு ரெண்டு தட்டுத் தட்டி, “எட்டை மறைச்சுட்டேன் மாமா. பதினஞ்சு இல்லாம இருந்துச்சு, அதையும் கடைசியில சேத்துட்டேன். இப்பப் பெயிண்டுல இருக்கறாப்புலயே இருக்குது பாருங்க”ன்னாரு. மொதலாளிக்குப் போன உசுரு வந்துச்சு. டப்பாவுக்குத் திருநீறு பூசி, எலுமிச்சம்பழம் அறுத்து ரெண்டு பக்கமும் வெச்சோம். நீங்க மாட்டறப்பவும் வைங்க, நல்லதுதான்.

அப்பறம் மெஷினு நிக்கற எடத்துலயே பெரிய டிவி ஒண்ணு மாட்டுனாங்க. எல்லா நம்பரும் வரிசையா வரும். நல்லா ஓடுனா பச்சை, நின்னு நின்னு ஓடுனா செவப்பு. மொத நாளே பாருங்க, ஒம்பதுக்கு எலைப் பச்சை! மில்லுலயே மேல நிக்குது. ஒரு வாரம் பாத்தாங்க, அதே பச்சை. நான் ஆச்சரியப்பட்டனான்னு கேளுங்க. படலீங்க. என்ற வேலை எனக்கு எப்பவுமே தெரியும். ஆனா நமக்குத் தெரியறது வேற, நாலு பேரு பாக்க டிவில வர்றது வேற. மொதலாளி என்ற தோள்ல கை போட்டாரு. இத்தனை வருசத்துல அவரு கை என்ற தோள்ல பட்டது அன்னைக்குத்தான்.

பத்தாம் நம்பருக்குச் செவப்பு. ருக்குமணிக்கு! எனக்கு வெக்கமாப் போச்சுங்க. நின்னுக்கிட்டே தூங்கற வேலுச்சாமிக்குக்கூட பதினொண்ணுல பச்சை வருது, இவளுக்கு வரலை. பதினஞ்சு மாரப்பன் பாடு அதை விட மோசம், அவனுக்கு ஒண்ணுமே வரலை. வெறும் முட்டை. மொதலாளி பதினஞ்சுக்கு நேராப் போயி நின்னாரு. மெஷினு ஓடுது. போனைப் பாத்தாரு, நிக்குது. மெஷினைப் பாத்தாரு, போனைப் பாத்தாரு. கடைசியில போனைத்தான் நம்புனாரு. “டேய் மாரப்பா, நான் வர்றதைப் பாத்துட்டு இப்பத்தானடா போட்டே?” அவன் பாவம், அன்னையில இருந்து ஒண்ணுக்குக்கூடப் போக மாட்டான்.

எங்க வீட்டுல சாயங்காலம் வகுப்பு ஆரம்பிச்சுருச்சு. பஸ்ஸுல ஏறுனதுமே ஆரம்பிப்பேன். “நூலு அறுந்துருமோன்னு பயந்து பயந்து நடக்கறே பாரு, அது மெஷினுக்குத் தெரிஞ்சுரும். என்னையப் பாரு. நான் நடக்கறனா?” அவ சன்னல் பக்கம் பாத்துக்கிட்டே, “நீங்க நடக்கறதில்லீங்க”ம்பா. புரிஞ்சுக்கிட்டாளேன்னு எனக்குத் திருப்தியா இருக்கும்.

அப்பத்தான் எங்க பழைய மேஸ்திரி மக வீட்டோட போறேன்னு சொல்லிட்டாரு. மொதலாளி எல்லாரையும் நிறுத்தி வெச்சுச் சொன்னாரு: “ஆயுத பூஜை அன்னைக்குப் புது மேஸ்திரி. ஆளு பாக்கறதில்லை, சாதி பாக்கறதில்லை, டிவிதான். மேல இருக்கறவங்க மேஸ்திரி. அடியில இருக்கற ரெண்டு பேரு கழிவுப் பஞ்சு குடோனுக்கு.”

மேல யாரு? நானு. அடியில? மாரப்பனும் ருக்குமணியும்.

குடோன்னா பூராவும் பஞ்சுத் தூசிங்க. உள்ள போனா எதுத்தாப்புல நிக்கற ஆளு தெரியாது. அவளுக்கு இழுப்பு வேற இருக்குது. மார்கழி வந்தா படுக்க முடியாம செவுத்துல சாஞ்சு உக்காந்திருப்பா. மொதலாளியே என்னையக் கூப்பிட்டுக் கேட்டாரு. “சென்னியப்பா, உன்ற பொண்டாட்டியாச்சே, என்ன பண்ணலாம்?”

நான் என்ன சொன்னேன் தெரியுமுங்களா? “பொண்டாட்டி வீட்டுலீங்க. மில்லுல அவ பத்தாம் நம்பரு. நியாயம் என்னவோ அதைச் செய்யுங்க மொதலாளி.”

மொதலாளி அசந்து போயிட்டாரு. நானே கொஞ்சம் அசந்துதான் போனேன். வீட்டுக்கு வந்து அவகிட்டச் சொன்னேன். மனுசத்தன்மை இல்லாம விட்டுடலீங்க, மூக்குக்குக் கட்டிக்கன்னு நானே கடைக்குப் போயி ஒரு துண்டு வாங்கிட்டு வந்தேன். பச்சைக் கலரு. அவ அதை வாங்கிப் பாத்தா, மடிச்சு வெச்சா.

அந்த வாரந்தான் காங்கேயத்துல என்ற அக்கா பேத்திக்குக் காதுகுத்து. எங்க வீட்டு மொறைக்கு என்ற மகன் போயிருக்கோணும், அவன் வெளியூருல இருக்கான், அதனால நான் லீவு போட்டுட்டுப் போனேன். மறுநாளு மில்லுக்குள்ள காலு வெக்கறேன், மொதலாளி கட்டிப் புடிக்காத கொறை. “நீ இல்லாதப்பவும் உன்ற மெஷினு நேத்துப் பச்சையில நின்னுச்சுடா! ஆளு ஏற்பாடு பண்ணிட்டுத்தான் போயிருக்கறே. இதுக்குப் பேருதான் பொறுப்பு!” நான் ஏற்பாடெல்லாம் ஒண்ணும் பண்ணலைங்க. ஆனா மொதலாளி ஒண்ணு சொல்றப்ப மறுத்துப் பேசறது மரியாதை இல்லீங்களே.

அன்னைக்குச் சாயங்காலம் அவரைக்காய் அரிஞ்சுக்கிட்டே ருக்குமணி கேட்டா. “நேத்து உங்க மெஷினை ஆரு ஓட்டுனாங்க?”

“ஆரோ ஓட்டியிருப்பாங்க. நம்ம மேல மரியாதை வெச்சிருக்கறவங்க இருக்காங்கல்ல.”

“ஆரும் ஓட்டலீங்க. நான் பக்கத்துலதான நிக்கறேன். காத்தாலயில இருந்து அது நின்னுக்கிட்டேதான் இருந்துச்சு.”

“டிவில பச்சைன்னு வந்துச்சல்ல?”

“வந்துச்சுங்க.”

“அப்பறம்? டிவி பொய் சொல்லுமா, நீ பொய் சொல்லுவியா?”

அருவாமணை அப்பிடியே நின்னுருச்சு. என்னையவே பாத்தா. பொறாமைன்னு நெனச்சேன். கட்டுனவனா இருந்தாலும் பொறாமை பொறாமைதானுங்களே. அன்னைக்குப் பொரியல்ல உப்பே இல்லை.

அடுத்த நாளு அவ பண்ணுன கூத்தைக் கேளுங்க. ஓடிக்கிட்டிருந்த மெஷினைப் பட்டுன்னு நிறுத்திப்புட்டு, ஓடிப் போயி டிவியைப் பாத்தா. திரும்பி வந்து போட்டா. மறுபடி நிறுத்துனா, மறுபடி ஓடுனா. “இருக்கற செவப்பு பத்தாதா உனக்கு?”ன்னு நான் கத்தறேன், அவ சிரிக்கறா. மூளை கீளை கொழம்பிருச்சான்னு பயந்துட்டேன். அன்னைக்குப் பாத்து, ஒரு காரணமும் இல்லாம ஒம்பதாம் நம்பரு ரெண்டு தடவை நின்னதா டிவில வந்துச்சுங்க. அவ கண்ணு பட்டுருச்சுன்னு வீட்டுக்கு வந்ததும் நானே எனக்கு உப்பு மொளகா சுத்திப் போட்டுக்கிட்டேன்.

ஆயுத பூஜை வந்துச்சு. வாழைமரம், மாவிலை, மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம். எல்லா மெஷினும் நிறுத்தி வெச்சிருக்குது, டிவில எல்லா நம்பரும் சும்மா கெடக்குது. மொதலாளி குடும்பத்தோட வந்துட்டாரு. மாரப்பன் மீட்டரைப் பாக்கச் சொல்லி வரச் சொல்லியிருந்த எஞ்சினியரம்மாவும் ஒரு ஓரத்துல பொரி தின்னுக்கிட்டு நிக்குது. நான் புது வேட்டி, புதுச் சட்டை. பூசாரி தீவாரணை காட்டி முடிச்சாரு. வழக்கமா எல்லாரும் ஒரே நேரத்துல மெஷினைப் போடுவோம்.

அப்பத்தான் ருக்குமணி முன்னால வந்தா. அத்தனை பேரு நடுவுல அவ வாயைத் தொறந்து நான் பாத்ததில்லை. “ஏனுங் மொதலாளி, இன்னைக்கு மொதல்ல அவரு மட்டும் அவரு மெஷினைப் போடட்டுமுங்க. மத்ததெல்லாம் நிக்கட்டும். எல்லாரும் டிவில பாக்கட்டும்”னா.

எனக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க. குடோனுக்குப் போகப் போறவ, புருசன் பெருமையை நாலு பேரு பாக்கோணும்னு நெனைக்கறா பாருங்க. அந்த மனசு யாருக்கு வரும்? மொதலாளியும் “நல்ல யோசனை”ன்னுட்டாரு.

நான் மெஷினைத் தொட்டுக் கும்பிட்டேன். சுச்சைப் போட்டேன். மெஷினு கிர்ருன்னு எடுத்துச்சு. எல்லாரும் டிவியைப் பாக்கறாங்க.

ஒம்பது நிக்குது.

நிறுத்திப் போட்டேன். நிக்குது. மெஷினு தலையில ஒரு தட்டுத் தட்டுனேன். இங்க ஓடுது, அங்க நிக்குது. மாரப்பன் பின்னால இருந்து மெதுவா, “மொதலாளி வர்றதைப் பாத்துட்டு இப்பத்தானங்ணா போட்டீங்க?”ங்கறான். எவனோ சிரிச்சான். எனக்கு வேர்த்து ஊத்துது.

ருக்குமணிதான் சொன்னா. “ஏனுங், நான் ஒருக்கா என்ற மெஷினைப் போட்டுப் பாக்கட்டுங்களா?” பதிலுக்கு நிக்கலை, போட்டுட்டா.

டிவில ஒம்பது பச்சையாச்சு.

பத்து நிக்குது, ஒம்பது ஓடுது. வேலுச்சாமி முழிச்சுக்கிட்டு அவனுதைப் போட்டான். டிவில பத்து ஓடுச்சு. அவ்வளவுதான், அப்பறம் ஒருத்தரொருத்தரா ஓடி ஓடிப் போட ஆரம்பிச்சுட்டாங்க, திருவிழாக் கணக்கா. பன்னெண்டைப் போட்டா பதினொண்ணு வருது, பதிமூணைப் போட்டா பன்னெண்டு வருது. மாரப்பன் பதினஞ்சைப் போட்டான். பதினாலு பச்சையாச்சு. அவன் தரையில உக்காந்து அழுதுட்டான்.

எல்லாரும் ருக்குமணியைப் பாக்கறாங்க. அவ சுச்சு மேல கை வெச்சபடி நின்னு சிரிக்கறா. அவ அப்பிடிச் சிரிச்சு நான் பாத்து நெம்ப நாளாச்சுங்க. நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுச்சு. பூஜைக்கோசரம் வெறும் வயித்துல நின்னதனால இருக்கும்.

எஞ்சினியரம்மா பொரியைக் கீழ வெச்சுட்டு வந்துச்சு. “எட்டு எங்க சார்?”

“எங்க மில்லுல எட்டு கிடையாதும்மா”ன்னாரு மொதலாளி.

“மெஷின்ல இல்லீங்க சார். மீட்டர்ல இருக்கே.”

விசயம் இதுதானுங்க. மீட்டருக்கு நம்பரு குடுத்த எலக்ட்ரீசியன் வெளியூருக்காரரு. பெயிண்டை நிமுந்து பாக்காம, ஒயரு போற வழியில ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு போட்டுக்கிட்டே போயிட்டாரு. ஏழுக்கு அடுத்து எட்டு. அது என்ற மெஷினு மீட்டரு. அவ மெஷினுதுக்கு ஒம்பது, வேலுச்சாமிக்குப் பத்து, கடைசி மாரப்பனுக்குப் பதினாலு. மச்சினன் எட்டை மறைச்சப்ப மறைஞ்சது என்ற மெஷினு. பதினஞ்சுன்னு ஒரு மீட்டரே இல்லை. டப்பா தெனமும் பதினஞ்சைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டு, ஆருமில்லைன்னு முட்டை போட்டிருக்குது.

அதோட விட்டிருக்கலாமல்லங்க அந்தப் புள்ளை? கம்ப்யூட்டரை மடியில வெச்சு என்னமோ தட்டுச்சு. டிவில ஏழுக்குக் கீழ எட்டு வந்து நின்னுச்சு. பொம்பளைங்க கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. மொதலாளி கண்ணை மூடிக்கிட்டாரு.

“கண்ணைத் தொறங்க சார். இந்த டப்பா எட்டையும் தெனம் கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு. அதுவும் ஒழுங்காப் பதில் சொல்லிக்கிட்டேதான் இருந்துச்சு. நீங்கதான் பாக்கலை.”

செவப்புங்க. மேல இருந்து கீழ வரைக்கும் செவப்பு. டீக்குப் போனப்ப நின்னுச்சு. டீ குடிச்சு முடிச்ச பொறவும் நின்னுச்சு. வேலுச்சாமி கூட நாட்டு நடப்புப் பேசுனது பூராவும் நின்னுச்சு. காதுகுத்து அன்னைக்கு நாள் முழுக்க நின்னுச்சு. அவ்வளவு பெரிய டிவில, மொதலாளி சம்சாரம் கண்ணாடி போட்டுப் படிக்கறாங்க.

நான் விடலீங்க. எல்லாரு முன்னாலயும் கேட்டேன். “மொதலாளி, நம்ம மில்லுல எட்டு உண்டுங்களா?”

“கிடையாது.”

“இல்லாத எட்டோட கணக்கை என்ற தலையில கட்டுனா நியாயமுங்களா?”

மொதலாளி பூசணிக்காயை எடுத்து ஓங்கி ஒடைச்சாரு. என்ற புதுச் சட்டையில குங்குமம் தெறிச்சுது. இன்னைக்கு வரைக்கும் கறை போகலை.

நீங்களே சொல்லுங்க தம்பி, என்ற கேள்வியில என்ன தப்பு? மறைச்சு வெச்சிருந்தப்ப எல்லாம் நல்லாத்தான ஓடிக்கிட்டிருந்துச்சு? மில்லுக்கு நட்டமா? ஒண்ணும் இல்லை. சரி பண்றோம் சரி பண்றோம்னு வந்து ஒரு குடும்பத்துல கொழப்பத்தை உண்டு பண்ணிட்டீங்க. இதுதான் என்ற பஞ்சாயத்து.

அன்னைக்கே ருக்குமணியை மேஸ்திரியாக்கிட்டாங்க. குடோனுக்கு யாரை அனுப்பறதுன்னு மொதலாளி புது மேஸ்திரியவே கேட்டாரு. அவ என்னையப் பாத்தா. நான் மேல ஓடற ஃபேனைப் பாத்தேன். “ஆரையும் அனுப்ப வேண்டாமுங் மொதலாளி. தூசி இழுக்கறதுக்கு மெஷினு ஒண்ணு வாங்கி வைங்க”ன்னா. அவ்வளவுதான். அவளுக்கு என்னைய மாதிரி நியாயம் பேசத் தெரியாதுங்க. எளகுன மனசு. நான் வாங்கிக் குடுத்த பச்சைத் துண்டைத்தான் இப்பத் தோள்ல போட்டுக்கிட்டு மில்லு பூரா நடக்கறா. எல்லாரும் மரியாதையா எட்டி நிக்கறாங்க. துண்டு யாரு வாங்குனதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது.

நம்பரெல்லாம் இப்பச் சரி பண்ணிட்டாங்க. பெயிண்டுல இருக்கறதுதான் டிவில. ஒம்பதுன்னா என்ற மெஷினுதான். மொத மாசம் செவப்பு. இந்த மாசம் பாருங்க, பச்சை கொஞ்சங் கொஞ்சமா திரும்பி வருது! மெஷினுக்குப் பழைய புத்தி வந்துருச்சுன்னு நான் வேலுச்சாமிகிட்டச் சொன்னேன். அந்தத் தூங்குமூஞ்சி என்ன சொல்றான் தெரியுமுங்களா? “அண்ணா, நீங்க டீக்குப் போறப்பெல்லாம் மேஸ்திரி வந்து ஒட்டிட்டுப் போறாங்க”ங்கறான். தூங்கறவனுக்கு எப்பிடித்தான் தெரியுதோ.

நேத்து நான் டீக்குப் போகலை. போறாப்புலப் போயி, பஞ்சு மூட்டைக்குப் பின்னால நின்னு பாத்தேன். நெசந்தானுங்க. வர்றா, நாலு நூலை ஒட்டறா, துண்டுல கையைத் தொடைச்சுக்கறா, அடுத்ததுக்குப் போறா. அங்கயும் ரெண்டு ஒட்டறா. நாள் பூரா அப்பிடியே நடக்கறா. அவ ஒட்டற நூலு ஒம்பதுக்குப் போகுது, பதினொண்ணுக்குப் போகுது, பதினஞ்சுக்குப் போகுது. டிவில தேடிப் பாத்தேன். மேஸ்திரிக்குன்னு ஒரு வரிசை கிடையாதுங்க. அவ பேருல ஒண்ணுமே வர்றதில்லை. எல்லாம் எங்க கணக்குலதான் வருது. எனக்கு என்னமோ மாதிரி ஆயிப்போச்சு. டீ குடிக்கவே தோணலை.

என்ன டிரைவரு இந்தப் போக்குப் போறாரு... தம்பி, ஒரு உதவி. நீங்க படிச்ச புள்ளை. அடுத்த வாரம் எங்க மில்லுக்கும் யாரோ பராமரிப்புக்கு வருவாங்கன்னு சொன்னாங்க, ஒருவேளை நீங்களாக்கூட இருக்கும். வந்தா, நான் கேட்டேன்னு சொல்ல வேண்டாம், அவ நடந்து ஒட்டறதுக்கு அந்த டப்பாவுல தனியா ஒரு வரிசை போட்டு விட முடியுங்களா? நம்பரு இல்லைம்பாரு மச்சினன். இருக்குதுங்க. எட்டு காலியாத்தான கெடக்குது. மொதலாளி கத்துவாரு. கத்தட்டும், எலுமிச்சம்பழம் நான் வாங்கித் தர்றேன்.

“ஏனுங்! நம்ம பிரிவு ஸ்டாப்பு வந்துருச்சு, எறங்கலீங்களா? அங்க என்ன பேச்சு?”

வந்துட்டனுங் மேஸ்திரி! கூப்பிடறா பாருங்க, போசியை அவளே தூக்கிக்கிட்டா. எட்டு தம்பி. மறந்துராதீங்க, எட்டு.